உள்ளே இருப்பவன் பேச்சு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் கடைசியில்தான் வரும். அதற்குள் எண்ணெய்க்காரன் பெரியாண்டி எட்டு மாதம் சிறையில் கிடந்தாக வேண்டும். அவனே காத்திருக்கிறான், உங்களுக்கு என்ன அவசரம்?

ஏன் உள்ளே போனான் என்பது யாருக்கும் தெரியாது. புன்னைநாட்டு ராஜா சேதிராயர் ஒருநாள் வீதியில் போகும்போது விரலை நீட்டினார். பிடித்துப் போட்டார்கள். ஏன் நீட்டினோம் என்பது அவருக்கே மறந்துவிட்டது. பெரியாண்டியின் பெண்சாதி செல்லாயி தனியாகச் செக்கு ஓட்டிக்கொண்டு, வாரம் தவறாமல் அரண்மனை வாசலுக்கு வந்து, என்ன குற்றம் என்று கேட்டாள். ராஜாவுக்கு மூக்கடைத்த குரல். மூக்கைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்:

"குத்தம் செய்யாதவனுக்குச் சிறையில் என்ன வேலை?"

இதற்குமேல் என்ன கேட்பது? அவள் அரசவை விகடகவி கூத்தபிரானிடம் போய் அழுதாள்.

மறுநாள் சபையில் கூத்தபிரான் கவலையோடு நின்றார். சிறையில் வசதி கூடிப்போச்சு என்று ஊரில் பேச்சாம். ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. நேரில் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

சிறைக்காவலன் சடையன் சொன்னதை மட்டும் செய்கிற ஆள். யார் உள்ளே போனாலும் கையோடு கதவைப் பூட்டிவிடுவான். ராஜா உள்ளே போனார். பூட்டினான். கூத்தபிரான் வெளியிலேயே நின்றுகொண்டார்.

உள்ளே ஈரத் தரை, ஒரு மண்சட்டி, பெரியாண்டி. வசதி எதையும் காணோம். ராஜா திருப்தியாகத் திரும்பி, கதவைத் திறக்கச் சொன்னார்.

சடையன் குடத்துக்குள் இருந்து பேசுவதுபோல் பேசுவான். "வெளியே இருந்து ஓலை வந்தாத்தான் திறப்பேன் மகாராஜா. உள்ளே இருக்கிறவன் பேச்சைக் காதில் வாங்காதேன்னு உத்தரவு."

"யார் உத்தரவு?"

"உங்க உத்தரவு."

"நான்தாண்டா ராஜா."

"தெரியுங்க. அதனாலதான் மீற முடியல."

பெரியாண்டி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

"நான் என்னடா குத்தம் செஞ்சேன்?" என்று சடையனைக் கேட்டார் ராஜா.

"எனக்குத் தெரியாதுங்க. செய்யாமலா உள்ளே இருக்கீங்க?"

வெயில் ஏறியது. ராஜா கம்பியைப் பிடித்துக்கொண்டு பொரிந்து தள்ளினார். ஒருத்தனைப் பூட்டினால் இன்ன குற்றம் என்று அவனிடம் சொல்ல வேண்டாமா, சபையில் நிறுத்தி அவன் பக்கத்தையும் கேட்க வேண்டாமா, குற்றம் இல்லையென்றால் அன்றைக்கே திறந்துவிட வேண்டாமா. "அது ராஜாவானாலும் சரி, எண்ணெய்க்காரனானாலும் சரி."

வெளியே ஏதோ கீறும் சத்தம். எட்டிப் பார்த்தார். கூத்தபிரான் தரையில் சம்மணம் போட்டு ஓலையில் எழுதிக்கொண்டிருந்தார்.

"'எண்ணெய்க்காரனானாலும் சரி' வரைக்கும் எழுதிட்டேன், மகாராஜா. கீழே ஒப்பம் போட்டுக் குடுத்தீங்கன்னா, நான் வெளியே இருந்து சடையன் கையில் குடுத்துடுவேன். நாட்டுக்கே சட்டமாவும் ஆயிடும்." ஓலையையும் எழுத்தாணியையும் கம்பி வழியாக நீட்டினார்.

ராஜா ஓலையைப் பார்த்தார். கூத்தபிரானைப் பார்த்தார். பக்கத்தில் அவசரமே இல்லாமல் உட்கார்ந்திருந்த பெரியாண்டியைப் பார்த்தார்.

ஒப்பம் போட்டுக்கொண்டே கேட்டார்: "இவன் பெண்சாதி உன்கிட்ட எப்போ வந்தா?"