தேதி இல்லாத வாரம்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. எங்கே என்று இப்போது சொல்ல மாட்டேன். முன்கூட்டியே சிரிப்பவர்கள் வாயைப் பொத்திக்கொள்ளவும். சீடர் காதில் விழுந்தால் எல்லாம் கெட்டுவிடும்.

ராயபுரத்தில் ஒரு குரு இருந்தார். பெயர் ஜெயக்கொடி, வயது முப்பத்திரண்டு. மொட்டை மாடியில் நாற்பது பந்தயப் புறாக்கள் வளர்த்தார். புறா வளர்ப்பவர்களுக்காக இணையத்தில் ஒரு மன்றமும் நடத்தினார்.

அவருக்கு ஒரு சீடர். பெயர் குணாளன், வயது ஐம்பத்தொன்பது. ஓர் அலுவலகத்தின் பதிவறையில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். புறா வளர்க்கக் கற்றுக்கொள்ளத்தான் வந்தார். ஆனால் கூண்டைவிட மன்றம்தான் அவருக்குப் பிடித்துப்போயிற்று. அங்கே இருந்தவையும் கிட்டத்தட்ட கோப்புகள்தான்.

மன்றத்தில் ஒருவர் போடும் பதிவும் அதன் கீழே சேரும் பதில்களும் சேர்ந்தால் ஒரு திரி. ‘காணாமல் போனவை’ என்ற பகுதியில் மட்டும் இரண்டாயிரத்து முந்நூறு திரிகள். பறக்கவிட்ட புறா வீடு திரும்பாவிட்டால், அதன் கால் வளைய எண்ணையும் தங்கள் போன் நம்பரையும் அங்கே போட்டு வைப்பார்கள். எங்காவது அந்தப் புறா இறங்கினால், பிடித்தவர் எண்ணைத் தேடிப் பார்த்துக் கூப்பிடுவார். பெரும்பாலான திரிகளில் ஒரு பதில்கூட இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சீடர் கேட்டார்.

“குருவே, பதில் வராத திரியை எத்தனை நாள் வச்சிருக்கணும்?”

குரு தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “நீங்க எவ்ளோன்னு சொல்றீங்க சார்?”

“ஆறு மாசம். அதுக்கு மேல புறாவும் வராது, தேடுற ஆளும் இருக்க மாட்டாங்க. மொத்தமா அழிச்சிடலாம். எங்க ஆபீஸ்ல கெடு முடிஞ்ச கோப்பை மூட்டை கட்டிடுவோம்.”

“அழிச்சா திரும்ப எடுக்க முடியுமா?”

“முடியாது. அதுதான் அதுல நிம்மதி.”

“சரி. அடுத்த ஞாயிறு உங்க கையாலயே அழிச்சிடுங்க. அதுவரைக்கும் ஒரு வேலை. அந்தப் பகுதியில மேல இருக்கிற பத்துத் திரிக்கு தினமும் ஒரு வரி பதில் போடணும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

திங்கட்கிழமை காலை சீடர் போன் செய்தார்.

“குருவே, தேதி தெரியல. மன்றத்துல ஒரு இடத்துலயும் தேதி இல்ல.”

“அப்படியா?”

“மேல இருக்கிற பத்தும் நான் இதுவரைக்கும் பார்க்காதது.”

“அப்போ பாருங்க.”

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். தேதியை மறைத்தவர் குரு. திரிகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டவரும் அவரே. சீடரோ பதிவறைக்காரர். தேதி இல்லாமல் வரும் மனுவுக்கு, கைக்கு வந்த நாளையே தேதியாக முத்திரை குத்துவது பதிவறை வழக்கம். அவர் நோட்டை எடுத்து, பத்துக்கும் ‘வரப்பெற்றது: திங்கள்’ என்று எழுதினார். பிறகு பதில் போட்டார்.

“பொருள்: தங்கள் சாம்பல் நிறப் பெட்டைப் புறா திரும்பாமை. பார்வை: தங்கள் பதிவு. மேற்படி புறா இன்று மாலைக்குள் வந்துசேர வாய்ப்புள்ளது. கூண்டுக் கதவைத் திறந்து வைக்கவும். பதற்றம் வேண்டாம்.”

மாலையில் பதில் வந்தது. “தொறந்து வச்சிருக்கேன் சார். ரொம்ப நன்றி. இத்தன நாள்ல நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க.”

‘இத்தன நாள்’ என்ற இடத்தை சீடர் மூன்று முறை படித்தார்.

செவ்வாய்க்கிழமை பெரம்பூர்க்காரர் ஒருவர் எழுதினார். “சார், அந்தக் கூண்டே இப்போ இல்ல. இருந்தாலும் நீங்க சொன்னீங்கன்னு மாடிக்குப் போய்ப் பார்த்துட்டு வந்தேன்.”

சீடர் குருவைக் கூப்பிட்டார். “புறா காணாமப் போன அன்னிக்கே கூண்டைப் பிரிச்சிட்டாராம். ஜனங்களுக்குப் பொறுமையே இல்ல குருவே.”

“ம்.”

புதன்கிழமை இரவு வந்த ஒரு பதிலை சீடர் நோட்டில் எழுதி வைத்தார். மறுநாள் விடிந்ததும் கூப்பிட்டார்.

“திருவொற்றியூர்ல ஒரு அம்மா. அவங்க புறா திங்கட்கிழமை காணாமப் போச்சு. செவ்வாய்க்கிழமை எழுதினாங்க, தானா வந்துடுச்சாம். புதன்கிழமை எழுதறாங்க, வயசாகிச் செத்துப்போச்சாம்.”

“பாவம்.”

“என்ன குருவே, பாவம்னு சொல்றீங்க? ரெண்டு நாள்ல எப்படி வயசாகும்?”

“அந்தம்மா பொய் சொல்றாங்கன்னு தோணுதா?”

“தோணல. அதான் எனக்கு ஒருமாதிரி இருக்கு.”

“இன்னைக்குப் பத்து பாத்துட்டீங்களா சார்?”

வியாழக்கிழமைப் பத்தில் காசிமேடு இருதயராஜ் என்பவரின் திரி இருந்தது. நீலநிற ஆண் புறா. வளைய எண் கே.டி. 218. சீடர் நோட்டில் குறித்துக்கொண்டு, பதற்றம் வேண்டாம் என்று பதில் போட்டார். அவரிடமிருந்து பதில் வரவில்லை.

சனிக்கிழமை அரக்கோணத்திலிருந்து ஒருவர் எழுதினார். அவருடைய பழக்கடைத் தார்ப்பாயில் ஒரு புறா இறங்கியிருக்கிறது. பறக்கத் தெம்பில்லை. காலில் கே.டி. 218.

சீடர் நோட்டைப் புரட்டினார். நாற்காலியை விட்டு எழுந்தார். பழக்கடைக்காரரிடம் பேசினார். மறுநாள் காலை ரயிலில் அவர் தம்பி புறாவோடு ராயபுரம் வருவதாக ஏற்பாடாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை. மொட்டை மாடியில் ஒரு மாதுளம்பழக் கூடை, அதற்குள் புறா. பக்கத்தில் சீடரின் லேப்டாப், அழிக்கும் பக்கம் திறந்து தயாராக.

குரு புறாவை எடுத்துச் சிறகை விரித்தார். பறக்கும் இறகுகளில் பாதி கத்தரித்தவை. “எவனோ வெட்டி வெட்டி அடைச்சு வச்சிருக்கான். கொஞ்சம் வளர்ந்ததும் கிளம்பிடுச்சு.”

“மூணே நாள்ல கண்டுபிடிச்சிட்டோம் குருவே. உரியவருக்குத் தகவல் சொல்லிட்டு அப்புறம் அழிக்க ஆரம்பிக்கிறேன். ஆனா தேதி வந்தாத்தானே ஆறு மாசம் தாண்டினது எதுன்னு தெரியும்?”

“நீங்க பேசி முடிங்க சார். வந்துடும்.”

சீடர் இருதயராஜைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“ஐயா, புறா மன்றத்துல இருந்து பேசறேன். உங்க கே.டி. 218 கிடைச்சிடுச்சு.”

“யாரு சார் நீங்க? வெளாடாதீங்கோ.”

“விளையாடலீங்க. புறா எங்க கையில இருக்கு.”

“சோத்தாங்கால்ல கடைசி நகம் இருக்குதா பாருங்கோ.”

குரு புறாவின் வலது காலைத் தூக்கிக் காட்டினார். கடைசி விரலில் நகம் இல்லை.

“அந்த நகம் இல்லீங்க” என்றார் சீடர்.

“அதேதான் சார், அதேதான். அது போனப்போ எம் பொண்ணு அவங்க அம்மா வயித்துல இருந்துச்சு. இப்போ ரெண்டாங்கிளாஸ் படிக்குது. போட்டோவுலதான் அதைப் பாத்திருக்குது. இருங்கோ, அதுகிட்ட குடுக்கிறேன்.”

சீடர் நோட்டைப் பார்த்தார். ‘வரப்பெற்றது: வியாழன்’. அதற்கு முந்தைய பக்கங்களைப் புரட்டினார். மாலைக்குள் வந்துவிடும் என்று அவர் கதவைத் திறக்கச் சொன்ன சாம்பல் பெட்டை. பிரித்த கூண்டு. புதன்கிழமை வயதாகிச் செத்த புறா.

தலையைத் தூக்கிக் குருவைப் பார்த்தார். குரு புறாவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறவர்கள் இப்போது சிரித்துக்கொள்ளலாம்.

போனில் ஒரு சின்னக் குரல் கேட்டது. “அங்கிள், அது எங்க வீட்டுக்கு எத்தன நாளா வந்துக்கினே இருக்குது?”

சீடரின் கை தானாகப் போய் லேப்டாப்பை மூடியது.

குரு திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

“பாப்பா நாள் கணக்கு கேக்குது சார். நீங்கதானே வச்சிருக்கீங்க, சொல்லுங்க.”