மோந்து பார்த்த பூ

"அம்மா, மோந்த பூ சாமிக்கு ஆகாதுதானே?"

கேட்டவர் சங்கரலிங்கம். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு சிவன் கோயிலுக்கு மாலை தொடுப்பவர். பக்கத்தில் யாராவது தும்மினால்கூட கூடையோடு பூவைக் கொட்டிவிடுகிற ஆசாமி. பதில் தெரிந்தேதான் கேட்டார்.

"ஆகாது" என்றார் அம்பலத்தம்மாள்.

அவர் துறவி. கோயில் நந்தவனத்தில் குடிசை போட்டு இருப்பவர். சங்கரலிங்கத்துக்குத் தீட்சை கொடுத்தவரும் அவர்தான். வில்வ மரத்தடியைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை.

சங்கரலிங்கம் மாலையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மனைவி செண்பகவல்லி டவுன் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பத்து மணிக்கு இதயத்தில் ஆபரேஷன். அதற்குமுன் அவள் பேருக்கு ஒரு மாலை சாத்திவிட வேண்டும் என்று விடியலில் வீட்டுக்கு ஓடிவந்து, பூப்பறித்து, கட்டியும் முடித்துவிட்டார். கடைசி முடிச்சில்தான் நினைவு வந்தது. பறிக்கும்போது ஒரு பூவை மோந்துவிட்டோமே.

எந்தப் பூ என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே மாதிரி இருவாட்சி. செடியில் வேறு பூவும் மிச்சமில்லை.

"இதைச் சாத்தி அவளுக்கு ஏதாவது ஆயிட்டா? சாத்தாம விட்டு ஏதாவது ஆயிட்டா?"

சங்கரலிங்கம் மாலையை மடியில் போட்டுக்கொண்டு பிரிக்க ஆரம்பித்தார். நார்தான் சிக்கலானது.

"ஏன் மோந்தே?"

பழக்கதோஷம் என்றார். தினமும் பூப்பறிப்பது செண்பகவல்லி. முதல் பூவை இவர் மூக்கடியில் நீட்டி, வாசனை எப்படி என்று கேட்பாள். இவர் தலையாட்டியதும் அதைத் தன் கொண்டையில் செருகிக்கொள்வாள். அப்புறம்தான் கூடைக்குப் பூ விழும், இவர் துணி கட்டிக்கொள்வார். இன்று அவள் இல்லை. முதல் பூ தானாக மூக்குக்குப் போய், கூடையில் விழுந்துவிட்டது.

"மாலை சாத்தச் சொல்லி அவளா அனுப்பினா?"

சங்கரலிங்கம் நாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா. பக்கத்துலயே இருங்கன்னு கையைப் புடிச்சா. மாலை சாத்திட்டு வந்துடறேன்னு விடுவிச்சுக்கிட்டு வந்துட்டேன். பயமா இருந்துச்சு. அவ முகத்தைப் பார்க்க முடியலை."

அம்பலத்தம்மாள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தார். கை கழுவினார். மாலையை இரண்டு கையாலும் வாங்கி, முகத்தை அதில் புதைத்து, நெஞ்சு நிறைய மோந்தார்.

சங்கரலிங்கம் பதறி எழுந்தார். ஒரு பூ கெட்டது போய் இப்போது மொத்தமும் போயிற்று.

"சாமிக்கு என்னம்மா பண்றது?"

அம்பலத்தம்மாள் தாழ்ந்த கிளையிலிருந்து ஒரு கொத்து வில்வம் பறித்தார்.

"அவருக்கு இது போதும். நான் கொண்டு போறேன்."

மாலையை வாழையிலையில் சுருட்டி சங்கரலிங்கத்தின் கையில் வைத்தார்.

"எட்டரை பஸ்ஸைப் பிடி. அவ மூக்கடியில நீட்டி, வாசனை எப்படின்னு கேளு."