மரங்கொத்தி வைத்த குன்றிமணி

ஒரு காட்டில் கலைஞர்கள் நிறைய, மழைக்கு நனையாத குகை ஒன்றே ஒன்று. அது மாதங்கி என்னும் யானையின் குகை.

ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் பாறைவெளியில் கண்காட்சி நடக்கும். மாதங்கி சுற்றிப் பார்த்துவிட்டு, பிடித்த படைப்பின் அருகில் ஒரு குன்றிமணியை வைக்கும். குன்றிமணி தெரியுமல்லவா குழந்தைகளே? சிவப்பு உடம்பு, கறுப்பு மூக்கு. அது இருந்தால், 'இதை ஒருவர் எடுத்துக்கொண்டாயிற்று, இனி யாரும் கேட்கக் கூடாது' என்று பொருள். பக்கத்துக் காட்டிலிருந்து யாராவது வந்து வைப்பதும் உண்டு. மாதங்கி மணி வைத்தால், படைப்புக்கும் படைத்தவருக்கும் மழை முடியும்வரை குகையில் இடம். மற்றவை நனைந்து அழியும்.

மரங்கொத்தியின் கட்டைகள் மூன்று ஆண்டுகளாக மழையில் ஊறிக் காளான் பூத்தன. இந்த முறை ஓர் இலவங்கட்டையில் அது ஆயிரம் இலைகளைக் கொத்தியிருந்தது. உண்மையிலேயே அழகான வேலை. ஆனால் காலையிலிருந்து ஒருவரும் அதை நின்று பார்க்கவில்லை.

மரங்கொத்தி மெல்லப் புதருக்குப் போய் ஒரு குன்றிமணியைக் கவ்வி வந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் கட்டையருகே வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்தபடி நின்றது.

முதலில் வந்தது முயல். "அட, உனக்கு மணி வைத்துவிட்டார்களே. யார் எடுத்தது?"

"பெயரைச் சொல்லக் கூடாது என்றிருக்கிறார்கள்."

"நான் காலையிலேயே நினைத்தேன். இந்த இலைகளில் ஏதோ ஒரு சோகம் இருக்கிறது," என்றது முயல். காலையில் அது கட்டையின் மேல் உட்கார்ந்துதான் புல் தின்றது.

பிறகு மான் வந்தது. உடும்பு வந்து, கண்ணை மூடிக்கொண்டே தலையாட்டியது.

இலைகளைத் தைத்துத் திரை செய்திருந்த தையல்சிட்டும் எட்டிப் பார்த்தது. "பெரிய ஆளாகிவிட்டாய், அண்ணே. ஆமாம், ஒரே ஒரு மணிதானா?"

"ஒன்று போதாதா?"

"போதும், போதும். எனக்கு இரண்டு வரும் என்று பேச்சு."

சற்று நேரத்தில் திரைக்கு முன்னால் இரண்டு மணிகள் இருந்தன. மரங்கொத்தி தன்னுடையதை மூன்றாக்கியது. மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? உச்சிப்பொழுதுக்குள் புதரில் மணியே இல்லை.

சிலந்தி மட்டும் மணி வைக்கவில்லை. நல்ல குணத்தால் அல்ல. அதுவும் ஒரு மணியை இழுத்து வந்தது. கனம் தாங்காமல் வலை கிழிந்து, மணி எங்கோ உருண்டுவிட்டது.

"ஊருக்கெல்லாம் மணி, எனக்கு ஓட்டை," என்று முணுமுணுத்தபடி கிழிசலை நெய்ய உட்கார்ந்தது.

மாலையில் மாதங்கி வந்தது. தும்பிக்கை நுனியில் ஒரே ஒரு குன்றிமணி. நேராக மரங்கொத்தியின் கட்டைக்கு வந்து வெகுநேரம் நின்றது.

"ஒவ்வோர் இலைக்கும் வேறு வேறு நரம்பு. எப்படித் தம்பி கொத்தினாய்? நேற்று நீ இதை உருட்டி வரும்போதே பார்த்தேன். இதற்குத்தான் என்று முடிவுசெய்து வந்தேன். யாரோ முந்திக்கொண்டார்கள். யார் அவர்கள்?"

மரங்கொத்தி அலகைத் திறந்தது. 'நானேதான் வைத்தேன்' என்று சொன்னால் போதும். ஆனால் முயலும் மானும் சுற்றி நின்றன. தையல்சிட்டு தலையைச் சாய்த்துக் காத்திருந்தது.

"பக்கத்துக் காட்டுப் பெரியவர்கள், பெரியம்மா," என்றது மரங்கொத்தி.

"நல்ல கண் உள்ளவர்கள். சீக்கிரம் தூக்கிப் போகச் சொல். மேகம் கூடுகிறது."

போன இடமெல்லாம் மணி. மாதங்கிக்கு வியப்பாக இருந்தது. கடைசியில் சிலந்தியிடம் வந்தது.

"உனக்கு மணி இல்லையா?"

"கிழிந்திருக்கிறது, பெரியம்மா. இன்னும் முடியவில்லை."

"குகையில் உட்கார்ந்து முடி." மாதங்கி மணியை வைத்துவிட்டு, வலை கட்டிய கிளையைச் சிலந்தியோடு தூக்கிக்கொண்டு நடந்தது.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிகளும் வெள்ளத்தோடு உருண்டு போயின. மரங்கொத்தி கட்டையின் மேல் இறக்கையை விரித்து நின்றது. இறக்கை சிறியது. இலைகள் ஆயிரம்.

நீதி: நமக்கு நாமே சூட்டிக்கொள்ளும் மாலை, சூட்ட வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடும்.