யாம் பிறந்த கரை

மாசிலாமணிப் புலவர் பட்டினி கிடந்தார். வீட்டில் சோறில்லாமல் அல்ல, சபையில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதால்.

எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் வேரைச் சொல்லிவிடுவார் என்று அந்தத் துறைமுக ஊரில் அவருக்குப் பேர். அந்தப் பேருக்கு ஒரு மாலுமி உலை வைத்தான். சபை நடுவில் எழுந்து, ஒரு பெருவள்ளிக்கிழங்கைத் தூக்கிக் காட்டினான்.

"வெளிநாட்டுத் துறைகள்ல இதை யாம்ங்கிறாங்க ஐயா. அந்தச் சொல் எங்கே பிறந்தது?"

புலவர் யோசிக்கவே இல்லை.

"அது நம் சொல்லப்பா! யாமெல்லாரும் கூடி உண்ணும் கிழங்கு. அதனால் யாம்."

சபை குலுங்கிச் சிரித்தது. உலகத்துச் சொல்லையெல்லாம் நம் வீட்டுக் கொல்லையிலேயே தோண்டி எடுத்துவிடும் ஆசை நம் புலவர்களுக்கு எப்போதுமே கொஞ்சம் அதிகம். சிரிப்பு அடங்குவதற்குள் மாசிலாமணி சபதம் போட்டுவிட்டார். அந்தச் சொல்லின் வேர் தெரியும்வரை ஒரு பருக்கை தொடமாட்டாராம்.

நேரே தம் குருவிடம் போனார். குரு, கடற்கரை மடத்து நாச்சியாரம்மை. புலவருக்கு அறுபது தாண்டிவிட்டது, அம்மைக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. ஊரார் கேலி செய்வார்கள். புலவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

"அம்மா, யாம் என்ற சொல் எங்கிருந்து வந்தது?"

அம்மை அவரைச் சாப்பிட அழைத்தார். பந்தியில் அவருக்கும் ஓர் இலை போட்டார். புலவர் இலையைத் தொடவில்லை.

மறுநாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். தண்ணீர் மட்டும் குடித்தார். படித்த நிகண்டுகளையெல்லாம் மனதுக்குள் புரட்டிப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. கண்கள் உள்ளே போய்விட்டன. வேர் தெரியாமலே செத்துப்போவோமோ என்று பயம் வந்தது. எழுந்து போய்ச் சாப்பிடவோ மானம் விடவில்லை.

அன்றைக்கு மத்தியானம் அம்மை அவித்த பெருவள்ளிச் சட்டியோடு அவரிடம் வந்தார். வாசற்படியில் கால் தடுமாறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா, உடம்புக்கு முடியலையா?"

"பசி."

"பசியா? நீங்க சாப்பிடலையா?"

"எல்லார் இலையும் எடுத்த பிறகுதானே எனக்கு இலை. உங்க இலை இன்னும் அப்படியே கிடக்கே."

மடத்தின் வழக்கம் அது. வருஷக்கணக்காகப் புலவர் கண்ணால் பார்த்த வழக்கம். சபதம் போட்ட மிடுக்கில் அது நினைவுக்கே வரவில்லை. இத்தனை நாளும் குருவையும் சேர்த்தல்லவா பட்டினி போட்டிருக்கிறார்! தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"சபதம் நாசமாப் போகட்டும். கொடுங்கம்மா, இப்பவே சாப்பிடறேன்."

"வேண்டாம். சபையில சொன்ன வார்த்தைக்கு மரியாதை வேணும். கேட்டதுக்குப் பதில் சொல்றேன், உக்காருங்க."

அம்மையும் எதிரே உட்கார்ந்தார்.

"காவி கட்டுறதுக்கு முன்னே எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அவர் ஜவுளி வியாபாரி. ஆப்பிரிக்காவுல மேற்குக் கரையில கடை போடலாம்னு கப்பலேறினோம். போன கொஞ்ச நாள்லயே காய்ச்சல்ல அவர் போயிட்டார். நானும் போயிடணும்னு சுவரைப் பாத்துப் படுத்துட்டேன். பச்சைத் தண்ணி குடிக்கலை."

"ஐயோ."

"பக்கத்து வீட்டுல ஒருத்தி இருந்தா. என் பாஷை அவளுக்குத் தெரியாது, அவ பாஷை எனக்குத் தெரியாது. பெருவள்ளியைச் சுட்டு எடுத்துட்டு வந்தா. தோலை உரிச்சா. ஊதி ஆறவச்சா. என் வாய்கிட்ட கொண்டுவந்து ஒரே ஒரு சொல் சொன்னா."

"என்ன சொல்?"

"ஞாமி."

"அர்த்தம்?"

அம்மை சட்டியிலிருந்து ஒரு துண்டைப் பிட்டார். ஊதினார். புலவரின் வாயருகே நீட்டினார்.

"ஞாமி," என்றார்.

புலவர் துண்டைப் பார்த்தார். நீட்டிய கையையும் பார்த்தார்.

"சாப்பிடு!" என்று கத்தினார். "சாப்பிடுன்னு சொல்லியிருக்கா!"

"ஆமா. அந்தக் கரையில பல பாஷைக்காரங்க சாப்பிடுறதுக்கு அப்படித்தான் சொல்றாங்க. அது போர்ச்சுகல் பறங்கிக் கப்பல்காரன் வாயில இஞாமே ஆச்சு, கிழங்குக்கே பேராச்சு. இங்கிலீஷ்காரன் வாயில யாம்."

புலவரின் உதடுகள் அசைந்தன. ஞாமி, இஞாமே, யாம். திடீரென்று துள்ளி எழுந்தார்.

"ஞா, யா ஆகியிருக்கு! ஏன் ஆகாது? நம்ம ஞமனே யமன் ஆகலையா? வேர் கெடச்சாச்சு அம்மா! வேர் கெடச்சாச்சு! வாசல்ல யமன் நின்னா திரும்பிப் போகச் சொல்லுங்க!"

நிற்கவே தெம்பில்லாத மனிதர் மடத்து முற்றத்தில் ஒரு சுற்று ஆடியே விட்டார். தோள்துண்டைச் சுழற்றினார். மூச்சு வாங்க வந்து உட்கார்ந்து, குழந்தைபோல வாயைத் திறந்தார். அம்மை ஊட்டினார். உப்புப் போட்டு அவித்த வெறும் கிழங்குதான். இப்படி ஒரு ருசியை அவர் ஆயுளில் கண்டதில்லை. கண்ணீர் வழிய வழியத் தின்றார்.

"அன்னிக்கு அவ ஊட்டின துண்டு உள்ள போனதாலதான் நானும் இங்கே உக்காந்திருக்கேன்," என்றார் அம்மை.

புலவர் மென்றுகொண்டே நிமிர்ந்தார்.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே அம்மா?"

"சொல்லியிருந்தா எழுதி வச்சுக்கிட்டுச் சபைக்கு ஓடியிருப்பீங்க. சீக்கிரம் சாப்பிட்டு இலையை எடுங்க புலவரே, எனக்குப் பசிக்குது."