மாசிலாமணியின் ராஜினாமா

"டீச்சர், ஏன் எல்லாரும் வேலைய விட்டுட்டுப் போறாங்க?"

கேட்டவர் சகாயராஜ். ஒரகடத்தில் ஒரு வெளிநாட்டு செல்போன் கம்பெனியின் மனிதவள மேலாளர். வயது ஐம்பத்திரண்டு.

கேட்டது இந்திரகலாவிடம். சனிக்கிழமைதோறும் தொழிற்சாலைக்கு வந்து யோகா சொல்லித் தருபவள். அவர் மகள் வயதுதான். ஆனாலும் மனதுக்குள் அவளைக் குருவாகவே வைத்திருந்தார்.

"இன்னைக்கு யார் போறா?"

"செவ்வந்தி. நாலாவது லைன்ல அவதான் கெட்டிக்காரி. அவ போனா செய்யாறு பஸ்ல வர்ற நாப்பது பொண்ணுங்களும் பின்னாடியே போயிடும். அப்புறம் லைனையே வேற நாட்டுக்குத் தூக்கிடுவோம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க."

மனிதர் செய்து பார்க்காதது இல்லை. வெள்ளிக்கிழமை பிரியாணி போட்டார். சிறந்த ஊழியர் என்று போட்டோ மாட்டினார். போகிறவர்கள் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

இந்திரகலா பாயைச் சுருட்டினாள்.

அவர் சலித்துப்போய்க் கதவை நோக்கி நடந்தார்.

"சூசைமாணிக்கம்!"

அவர் திரும்பவில்லை.

"ஏய் சூசைமாணிக்கம்! காதுல விழலையா?"

சுருக்கென்றது அவருக்கு. "அது எங்கப்பா பேரு டீச்சர்!"

"அட்டையில அப்படித்தானே போட்டிருக்கு."

குனிந்து பார்த்தார். எட்டு வருஷமாகக் கழுத்தில் தொங்கும் அட்டை. தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டர் அப்பா பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவர் பெயர் அடியில் பொடியாகக் கிடந்தது. எல்லோரும் சார் என்றே கூப்பிட்டதால் அவருக்கு உறைத்ததே இல்லை.

வெளிநாட்டு சூப்பர்வைசர்கள் அட்டையைப் பார்த்துத் தினமும் கத்துவது இப்போதுதான் அவர் காதில் விழுந்தது. மாசிலாமணி! கோவிந்தன்! ஏய், துரைக்கண்ணு!

திரும்பியதெல்லாம் பெண்கள்.

மேலிடத்து அனுமதிக்கு அவர் காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நானூறு அட்டைகளைப் புதிதாக அச்சடித்தார்.

திங்கட்கிழமை காலை, நாலாவது லைன் சூப்பர்வைசர் புது அட்டையை உற்றுப் பார்த்தார். நாக்கு தடுமாறி, "செ... வந்தி" என்றார்.

லைனே கைதட்டியது. சகாயராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டார்.

மதியம் செவ்வந்தி அவர் அறைக்கு வந்தாள். மேஜைமேல் அவளுடைய ராஜினாமா கிடந்தது, கம்பெனி அச்சடித்த படிவம்.

"இதை என்னம்மா பண்றது?"

"பேரைப் பாருங்க சார்."

பழைய அட்டையைப் போலவே கொட்டை எழுத்தில் மாசிலாமணி என்று இருந்தது.

"எனக்கு அஞ்சு வயசு இருக்கறப்பவே எங்கம்மாவை விட்டுட்டு ஓடின மனுஷன் சார் அவரு. விட்டுட்டுப் போறது அவருக்குப் பழக்கம்தான், போகட்டும். நான் செவ்வந்தி. லைன் ஓடிட்டிருக்கு, வரேன்."