கொஞ்சத் தெரியாத ஆள்காட்டி

குளத்துக்கு நரி வந்தாலும் பருந்து வந்தாலும் முதலில் பார்ப்பது ஆள்காட்டிப் பறவைதான். பார்த்த உடனே "டிட்டிட்டீ!" என்று கத்தும். அந்தக் குரல் கேட்டதும் கொக்கு பறக்கும், முயல் புதருக்குள் பாயும், தவளை நீரில் குதிக்கும். ஒரு முறைகூட அது பொய்யாகக் கத்தியதில்லை. அதில் ஆள்காட்டிக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அதற்கு ஒரு குஞ்சு பிறந்தது. கொஞ்ச வேண்டும் என்று தாய்ப் பறவைக்கு ஆசை. அலகைத் திறப்பதற்குள் அப்பா ஆள்காட்டி தடுத்துவிட்டது.

"நம்ம வீட்டுல இருந்து ஒரு சத்தம் வந்தா குளமே ஓடும். விளையாட்டுக்கெல்லாம் வாயைத் திறக்கக் கூடாது."

தாய் ஆசையை விழுங்கிக்கொண்டது. பாவம், வேறென்ன செய்யும்?

ஆகவே குஞ்சு வீட்டில் கேட்ட ஒரே குரல் அபாயக் குரல்தான். அதைக் கேட்டால் தரையோடு ஒட்டிக்கொண்டு மூச்சுக் காட்டாமல் கிடக்க வேண்டும். அதை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டது.

பக்கத்து நாணல் புதரில் நீர்க்கோழி குடியிருந்தது. வீடு நிறையக் குஞ்சுகள். விடிந்தால் போதும், "க்ளூ" என்று சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்திருக்கும். குஞ்சுகள் ஆளுக்கொரு விதமாக உளறும். எது உளறினாலும் பெரிய சேதி கேட்டதுபோல நீர்க்கோழி தலையாட்டும். ஆள்காட்டிக் குஞ்சு தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

பிள்ளையிடம் பேச்சுக் கொடுங்கள் அண்ணே என்று நீர்க்கோழி ஒருநாள் சொல்லியும் பார்த்தது. வயது வந்தால் தானே பேசும் என்று ஆள்காட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கோடை வந்தது. குளம் பாதி வற்றி, கரையோரச் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. ஒரு மாலை குஞ்சைக் காணவில்லை. ஏதோ ஒரு வெடிப்புக்குள் விழுந்திருக்க வேண்டும். எருமைகள் தண்ணீருக்கு இறங்கும் நேரம் அது. மிதித்தால் மண் சரிந்து மூடிவிடும்.

பெற்றவை இரண்டும் பதறிப்போய்ப் பறந்து பறந்து தேடின. "டிட்டிட்டீ!" என்று தொண்டை கிழியக் கத்தின. அவற்றுக்குத் தெரிந்த குரல் அதுதானே. சத்தம் கேட்டுக் குளமே காலியானது. வெடிப்புக்குள் கிடந்த குஞ்சும், கற்றுக்கொண்டபடியே, இன்னும் ஒடுங்கியது.

தன் குஞ்சுகளை நாணலுக்குள் ஒளித்துவிட்டு நீர்க்கோழி ஓடி வந்தது. விஷயம் தெரிந்ததும் அதற்கு வந்ததே கோபம்.

"நீங்க கத்தக் கத்தப் பிள்ளை பயந்து ஒடுங்கும் அண்ணே. கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

அது தரையருகே குனிந்து "க்ளூ" என்றது. காத்திருந்தது. பதில் இல்லை. நாலடி தள்ளிப் போய் மறுபடி "க்ளூ" என்றது. மேட்டில் எருமைகளின் காலடி கேட்டது. ஆள்காட்டி கத்த வாயெடுத்து அடக்கிக்கொண்டது.

மண்ணுக்கடியிலிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது. "க்ளூ."

தாய் பாய்ந்து சென்று வெடிப்புக்குள் தலையை நுழைத்தது. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கொஞ்சல் எல்லாம் தானாக வந்தது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே குஞ்சு தத்தித் தத்தி மேலே ஏறியது. எருமைகள் இறங்கும்போது மூன்றும் கரைமேல் இருந்தன.

ஆள்காட்டிக்குச் சந்தோஷம். கூடவே வெட்கம். பெற்ற பிள்ளையின் முதல் பேச்சு அடுத்த வீட்டு மொழியில் அல்லவா வந்திருக்கிறது!

"என்கிட்டயும் ஏதாவது பேசச் சொல்லு," என்று மனைவியிடம் கேட்டது.

"நீங்க பேசினாத்தானேங்க அது பேசும்."

ஆள்காட்டி குஞ்சின் அருகே குனிந்தது. அபாயக் குரலைத் தவிர வேறொன்றும் பழகாத தொண்டை. "டீ... டுக்கு" என்று என்னவோ வந்தது. கேட்கவே சிரிப்பாக இருந்தது. ஆனாலும் அவசரப்படாமல் காத்திருந்தது. குஞ்சு அதன் முகத்தையே வெகுநேரம் பார்த்தது. பிறகு அலகைத் திறந்து, "டுக்கு" என்றது.

பிள்ளை பேச வேண்டுமென்றால், பெற்றவர்கள் முதலில் அதனோடு கொஞ்சி விளையாடி, அது பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும்.