பூசை முடியாத சுவடி மாளிகை

வடகரைச் சீமையை ஆண்ட வீரபுசங்க பூபதி ஒரு சுவடி மாளிகை கட்டினார். கட்டினார் என்றால் சும்மாவா? ஏழு வருஷம், நூறு கல்தூண், தூணுக்குத் தூண் யாளி. எங்கும் கிடைக்காத ஓலைச்சுவடிகளை ஊர் ஊராகத் தேடிக் கொண்டுவந்து அடுக்கினார்கள். திறப்பு விழா சரசுவதி பூசையன்று. சுவடிகளுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. அன்று ஒரு நாள் யாரும் படிக்கக்கூடாது. மறுநாள் விஜயதசமிக்கு எடுத்துப் படிக்க வேண்டும். ஊர் வழக்கம் அதுதான்.

மறுநாள் மன்னர் எட்டிப் பார்த்தார். சொக்கிப்போனார். "அடடா, என்ன அழகு! இப்படியே இருக்கட்டும். கலைக்காதீர்கள்."

மூன்று வருஷமாயிற்று. பூசை இன்னும் முடியவில்லை. வெளிதேசத்துத் தூதர்கள் வந்து, தூண்களைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டுப் போனார்கள். படிப்பு என்கிற தொந்தரவே இல்லாமல் அறிவை வளர்த்த சீமை அது ஒன்றுதான்.

அந்த வருஷம் கோமாரி வந்தது. மாடுகள் வாயில் நுரை தள்ளிச் சாய்ந்தன. மாட்டு வைத்தியர் இருளப்பக் கோனார் சபைக்கு ஓடிவந்தார்.

"மகாராசா, மருந்து முறை மாட்டு வாகடச் சுவடியில இருக்கு. சுவடி உங்க மாளிகையில இருக்கு. ஒரு நாழி கண்ணுல காட்டினாப் போதும். நேத்து மட்டும் நாப்பது மாடு போச்சு."

"பூசையில் இருப்பதை எடுப்பதா? வேண்டுமானால் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போம்."

"நான் கும்பிட்டுட்டேன் சாமி. மாட்டுக்குத்தான் கும்பிடத் தெரியல."

மந்திரி மருதீசருக்குத் தர்மசங்கடம். எதிர்த்துப் பேசினால் தன் தலை போகும். பேசாவிட்டால் ஊர் மாடெல்லாம் போகும். மெல்ல எழுந்தார்.

"ஒரு சந்தேகம் மகாராஜா. பூசையில் வைத்த எதையும் தொடக்கூடாதா, சுவடியை மட்டுமா?"

"எதையும்! நானே ஆனாலும் தொடக்கூடாது. ஆணையாகவே எழுதும் ஓய்!"

மருதீசர் வெகு பணிவாக எழுதிக்கொண்டார். அந்தப் பணிவைப் பார்த்தாவது மன்னர் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் உச்சிப்பொழுது. மன்னர் இலை முன் உட்கார்ந்தார். இலை காலி. காத்திருந்தார். அப்போதும் காலி. எழுந்து மடைப்பள்ளிக்குள் நுழைந்தால், அண்டா, குண்டான், கரண்டி, அரிவாள்மனை எல்லாம் சந்தனப் பொட்டும் மாலையுமாக வரிசையில் நிற்கின்றன. நடுவில் கற்பூரத் தட்டோடு மருதீசர்.

"என்ன கூத்து இது?"

"ஆயுத பூசை மகாராஜா. விடிகாலையில் வைத்தோம். என்ன அழகு பாருங்கள்! கலைக்க மனம் வருமா?"

"எனக்குப் பசிக்கிறதய்யா!"

"வாசலில் நின்று கும்பிட்டுக்கொள்ளலாம்."

சமையற்காரர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். மன்னர் கத்தினார்: "பாத்திரம் எதற்கு? சமைக்கத்தானே!"

மருதீசர் சட்டென்று ஓலையும் எழுத்தாணியும் எடுத்தார். "பாத்திரம் சமைப்பதற்கு. எழுதிவிட்டேன். சுவடி எதற்கு என்றும் சொல்லிவிட்டால் புது ஆணை பூர்த்தியாகிவிடும்."

மன்னருக்கு வயிறு கடமுடவென்றது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"படிப்பதற்கு! எழுதித் தொலையும்." கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றி மருதீசரிடம் பரிசாக நீட்டினார். "இப்போதாவது உலை வைக்கலாமா?"

"தாராளமாக. கோனார் மருந்து முறையைப் படித்து முடித்த மறுநிமிடம்."

அன்று சுவடி மாளிகைக்குள் முதலில் ஓடியவர் கோனார் அல்ல, மன்னர். வாகடச் சுவடியின் கட்டை அவிழ்த்தவரும் அவர்தான். மூன்று வருஷமாக இறுகிக் கிடந்த முடிச்சு. பல்லால் கடித்தே அவிழ்த்துவிட்டாராம்.